சரக்கு வண்டியின் கியர் பெட்டிக்கு ஏற்ற எண்ணெய்

சென்னை மாநகரில் மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக் காய்கறிக் கடைகளுக்கும், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் உள்ள சில்லறைக் கடைகளுக்கும் பொழுது விடிவதற்குள் சரக்கு வந்து சேர வேண்டும். இதில் பெரும்பகுதி, 1996ஆம் ஆண்டு முதல் கோயம்பேட்டில் இயங்கி வரும் மொத்த விற்பனைச் சந்தை வழியாகவே வருகிறது. ஆயினும் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் சிறு விவசாயிகளில் சிலர், தனியாகவோ இரண்டு மூன்று பேர் கூட்டாகவோ ஒரு சிறு சரக்கு வண்டியை வாங்கி, கீரை, கத்தரி, வெண்டை போன்றவற்றைத் தாங்களே நகருக்கு ஏற்றி வருகின்றனர். 2005ஆம் ஆண்டில் டாடா நிறுவனத்தின் ‘ஏஸ்’ வண்டியும், 2011இல் அசோக் லேலண்டின் ‘தோஸ்த்’ வண்டியும் வந்த பிறகு இந்த வசதி பெருகியது. ‘ஏஸ்’ வண்டிக்கு மக்கள் வைத்த பெயர் ‘குட்டியானை’.

இந்த வண்டிகளின் என்ஜின் ஆயிலைப் பெரும்பாலோர் காலம் தவறாமல் மாற்றி விடுகிறார்கள். கியர் பெட்டியில் என்ன எண்ணெய் இருக்கிறது என்று கேட்டால் மட்டும், “தொண்ணூறு ஆயில்” என்ற ஒரே பதில் வருகிறது. அந்தப் பதில் பாதிதான். மீதிப் பாதியைக் கேட்டு வாங்காததால் கியர் பெட்டி கெடுகிறது. முதல் நாள் மாலை பறித்த கீரைக்கட்டு வண்டியில் இருக்க, நடுவழியில் கியர் விழாமல் நின்று போனால் அன்றைய சரக்கு வாடிப் போகும். அதன் பிறகு கியர் பெட்டியை இறக்கிப் பிரித்து மாட்டும் செலவு, ஒரு போகத்தின் லாபத்தை விழுங்கி விடும். ஓரிரு லிட்டர் எண்ணெயைத் தெரிந்து வாங்கினால் இந்த இழப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

எண்ணெயின் வேலை என்ன?

மாட்டு வண்டிக் காலத்தில் அச்சுக்கு மை போடுவது வழக்கம். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சில் தடவினால் போதும். அந்த மையின் வேலை, அச்சும் குடமும் உராயாமல் பார்த்துக் கொள்வது மட்டுமே. மோட்டார் வண்டியின் கியர் பெட்டியில் எண்ணெய்க்கு வேலைகள் அதிகம். பற்சக்கரங்களின் பற்கள் ஒன்றோடொன்று தேயாதபடி நடுவில் மெல்லிய படலமாக நிற்க வேண்டும். பேரிங்குகளைக் குளிர்விக்க வேண்டும். தேய்ந்து விழும் இரும்புத் தூளைக் கீழே கொண்டு சேர்க்க வேண்டும். துரு ஏறாமல் காக்க வேண்டும். இவற்றோடு, கியர் மாற்றும் நேரத்தில் பித்தளை வளையங்கள் வழுக்காமல் பிடிப்பதற்கும் அதே எண்ணெய் இடம் கொடுக்க வேண்டும்.

மற்ற இடங்களில் வழுக்க வேண்டிய எண்ணெய், இந்த ஓர் இடத்தில் அளவுக்கு மேல் வழுக்கக் கூடாது. கியர் ஆயில் தேர்வில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

இரண்டு பெட்டிகள், இரண்டு குணங்கள்

முன்புறம் என்ஜினும் பின்புறம் ஓட்டும் சக்கரங்களும் உள்ள சரக்கு வண்டியில் எண்ணெய் ஊற்றும் பற்சக்கரப் பெட்டிகள் இரண்டு. ஒன்று என்ஜினை ஒட்டி இருக்கும் கியர் பெட்டி. மற்றொன்று பின் அச்சின் நடுவில் குடம் போலத் தொங்கும் டிபரன்ஷியல் பெட்டி. இரண்டிலும் பற்சக்கரங்கள்தான் சுழல்கின்றன என்றாலும், சுழலும் விதம் வேறு.

கியர் பெட்டியில் ஒவ்வொரு கியருக்கும் பக்கத்தில் ஒரு சின்க்ரோ வளையம் உண்டு. பெரும்பாலும் இது பித்தளை வகை உலோகத்தால் ஆனது. ஓட்டுநர் கியர் தண்டைத் தள்ளும்போது, இந்த வளையம் கியரின் கூம்பு முகத்தை அழுத்திப் பிடித்து, வேறு வேறு வேகத்தில் சுற்றும் இரு பாகங்களையும் ஒரே வேகத்துக்குக் கொண்டு வருகிறது. அதன் பின்னரே பற்கள் ஓசையின்றிக் கோத்துக் கொள்கின்றன. ஓடும் மாட்டு வண்டியில் ஏற விரும்புபவர் சிறிது தூரம் வண்டியோடு சேர்ந்து ஓடி, வேகம் ஒத்து வந்ததும் கால் வைப்பது போன்றது இது. வளையம் பிடிக்காமல் வழுக்கினால் வேகம் ஒத்து வராது. ‘கர்’ என்ற ஓசையுடன் பற்கள் மோதிக் கொள்ளும்.

பின் அச்சில் சின்க்ரோ வளையம் கிடையாது. அங்கே பினியன் என்ற சிறு பற்சக்கரம், கிரவுன் என்ற பெரிய பற்சக்கரத்தைச் சுற்றுகிறது. பெரும்பாலான வண்டிகளில் பினியனின் அச்சு, கிரவுனின் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே அமைக்கப்பட்டிருக்கும். இதை ஹைபாய்டு அமைப்பு என்பர். 1920களில் அமெரிக்கக் கார்களில் வழக்கத்துக்கு வந்த அமைப்பு இது. இதில் பற்கள் ஒன்றன் மேல் ஒன்று உருள்வதோடு நீளவாக்கில் இழுபட்டும் செல்கின்றன. வண்டியின் முழுச் சுமையையும் சிறு பரப்பில் தாங்கிக் கொண்டு பல் இழுபடும்போது சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்து விடும். இரும்பு இரும்பைத் தொட்டால் பல் முகத்தில் கீறல் விழும்.

ஜி.எல்.4, ஜி.எல்.5

கிழியாத படலம் வேண்டும் என்பதற்காகவே கியர் ஆயிலில் கந்தகம், பாஸ்பரஸ் கலந்த மருந்துகள் சேர்க்கப்படுகின்றன. அழுத்தமும் சூடும் மிகும் இடத்தில் இம்மருந்து இரும்போடு வினை புரிந்து, பல் முகத்தில் மெல்லிய காப்புப் பூச்சை உண்டாக்குகிறது. பல்லுக்குப் பதிலாக இந்தப் பூச்சு தேய்கிறது. தேயத் தேயப் புதிதாக உண்டாகிறது.

எவ்வளவு கடுமையான வேலைக்கு எந்த எண்ணெய் என்பதை அமெரிக்க பெட்ரோலியக் கழகம் வகைப்படுத்தியுள்ளது. டின்னின் மேல் ஏ.பி.ஐ. என்று அச்சிட்டிருப்பது இதன் சுருக்கம். இவ்வகைகளில் இன்று விவசாயிகள் கடையில் பார்க்கக் கூடியவை முக்கியமாக ஜி.எல்.4, ஜி.எல்.5 ஆகிய இரண்டே. ஜி.எல்.5 எண்ணெயில் மேற்சொன்ன மருந்து, ஜி.எல்.4இல் இருப்பதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு சேர்க்கப்படுகிறது. ஹைபாய்டு பின் அச்சுக்கு உரியது இதுவே. பித்தளை சின்க்ரோ வளையம் உள்ள கியர் பெட்டிகளில் பலவற்றுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்வது ஜி.எல்.4.

இங்கே ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. நான்கைவிட ஐந்து பெரிது, ஆகவே ஜி.எல்.5 உயர்ந்த ரகம், எல்லாவற்றுக்கும் அதையே ஊற்றலாம் என்று பலர் நினைக்கின்றனர். உரத்தின் மூட்டையில் உள்ள எண்கள் எந்தச் சத்து எவ்வளவு என்பதைச் சொல்வது போலவே, இந்த எண்ணும் எந்த வேலைக்கு உரியது என்பதைச் சொல்கிறது. எண் பெரியது என்பதால் உரம் உயர்ந்ததாகி விடுவதில்லை. நெல்லுக்கு இட வேண்டிய அளவைக் கீரைப் பாத்தியில் கொட்டினால் கீரை கருகிப் போகும்.

ஜி.எல்.5 எண்ணெயில் மிகுதியாக உள்ள கந்தக மருந்து, சூட்டில் செம்பு கலந்த உலோகங்களை அரிக்கக் கூடும். சமையலறையில் செம்புப் பாத்திரம் கறுத்துப் போவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எண்ணெய்த் தொழிற்சாலைகளில் இதற்கென ஒரு சோதனையே உண்டு. துலக்கிய செப்புத் தகட்டை 121 டிகிரி சூட்டில் உள்ள கியர் ஆயிலில் 3 மணி நேரம் வைத்து எடுத்து, தகடு எவ்வளவு கறுத்திருக்கிறது என்று தரம் பிரிப்பார்கள். மேலும், மருந்து மிகுந்த எண்ணெயில் சின்க்ரோ வளையத்தின் பிடிப்பும் குறைய இடமுண்டு. ஊற்றிய மறுநாளே பழுது தெரியாது. மாதங்கள் செல்லச் செல்ல, மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது ஓசை தொடங்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கியர் பெட்டிக்கு வாங்கிய ஜி.எல்.4 மீதி இருக்கிறது என்று அதைப் பின் அச்சில் ஊற்றுவதும் தவறு. பாரம் ஏற்றிய வண்டியில் கிரவுன், பினியன் பற்கள் சீக்கிரம் கீறல் விழுந்து ஊளையிடத் தொடங்கும்.

பித்தளையை அரிக்காத வகையில் பக்குவப்படுத்திய ஜி.எல்.5 எண்ணெய்களும், இரண்டுக்கும் பொதுவானவை என்று சொல்லி விற்கப்படும் எண்ணெய்களும் இப்போது உள்ளன. சில கியர் பெட்டிகளுக்குத் தயாரிப்பாளரே அத்தகைய எண்ணெயைக் குறிப்பிடுவதும் உண்டு. சின்க்ரோ வளையம் இல்லாத பெரிய லாரிக் கியர் பெட்டிகளுக்கென எம்.டி.1 என்ற தனி வகை இருக்கிறது. சில கனரக லாரிகளின் கியர் பெட்டிக்கு என்ஜின் ஆயில் வகையையே ஊற்றச் சொல்கிறார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த இசட்.எஃப். நிறுவனம் தன் லாரிக் கியர் பெட்டிகளுக்கு ஏற்ற எண்ணெய்களை டி.இ.எம்.எல்.02 என்ற பட்டியலாக வெளியிடுகிறது. ஆகவே பக்கத்து வண்டிக்கு ஊற்றியது நம் வண்டிக்கும் சரியாக இருக்கும் என்று முடிவு செய்ய முடியாது. வண்டியுடன் கொடுத்த கையேட்டில் உள்ள வரியே இறுதியானது.

தொண்ணூறும் நூற்று நாற்பதும்

அடுத்தது எண்ணெயின் தடிப்பு. டின்னில் எஸ்.ஏ.இ. என்ற எழுத்துகளுடன் 90, 140, 80டபிள்யூ-90, 75டபிள்யூ-90 என்று போட்டிருக்கும். கியர் ஆயிலின் எண்ணை என்ஜின் ஆயிலின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது; இரண்டுக்கும் அளவுகோல் வேறு. 100 டிகிரி சூட்டில் 90 கியர் ஆயிலின் தடிப்பு 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் வரை. அதே சூட்டில் 40 என்ஜின் ஆயில் 12.5 முதல் 16.3 வரை இருக்கும். எண்ணில் இரு மடங்குக்கு மேல் வேறுபாடு தெரிந்தாலும் தடிப்பில் இரண்டும் ஏறக்குறைய பக்கத்தில்தான் உள்ளன. 140 எண்ணெயோ 24 சென்டிஸ்டோக்குக்கு மேற்பட்டது, உண்மையிலேயே தடிப்பானது.

சத்தம் போடும் பழைய கியர் பெட்டியில் 90க்குப் பதிலாக 140 ஊற்றினால் சத்தம் அடங்குவது போலத் தோன்றும். தேய்ந்த பாகம் இதனால் வளர்ந்து விடுவதில்லை. தடித்த எண்ணெய் சிறு துவாரங்கள் வழியாகப் பேரிங்குகளுக்குச் சென்று சேரத் தாமதமாகும். காலையில் முதல் கியர் மாற்றங்கள் கடினமாகும். எண்ணெயைக் கலக்கிச் சுற்றுவதிலேயே சக்தி வீணாகி டீசல் செலவு கூடும். பழைய வண்டி வாங்குவோர் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். விற்பதற்கு முன் சத்தத்தை மறைக்க 140 எண்ணெயோ, கிரீஸோ, மரத்தூளோ கூடப் போட்டு விடுவது உண்டு. அளவு பார்க்கும் திருகை அவிழ்த்து, விரலை விட்டு எண்ணெயைத் தொட்டுப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.

‘டபிள்யூ’ என்ற எழுத்தோடு வரும் முதல் எண் குளிர் நாடுகளை உத்தேசித்தது. 85டபிள்யூ எண்ணெய் பனி உறைநிலைக்குக் கீழே 12 டிகிரி வரையிலும், 80டபிள்யூ 26 டிகிரி வரையிலும், 75டபிள்யூ 40 டிகிரி வரையிலும் கட்டியாகிப் போகாமல் ஓடக் கூடியது. சென்னையில் மார்கழிப் பனியிலும் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது மிக அரிது. உதகையில் உறைபனி விழும் இரவிலும் இந்த அளவுக்குக் குளிர் போவதில்லை. ஆகவே கையேட்டில் 80டபிள்யூ-90 என்று இருக்கும்போது, குளிருக்காக 75டபிள்யூ-90க்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. கையேட்டிலேயே 75டபிள்யூ என்று இருந்தால் அதை மாற்றக் கூடாது. எரிபொருள் சிக்கனம், கியர் விழும் மென்மை போன்றவற்றைக் கருதி அப்பெட்டி அந்த எண்ணெய்க்கே அமைக்கப்பட்டிருக்கும்.

வெயிலும் நெரிசலும்

நம் பகுதியில் இரண்டாவது எண்ணே முக்கியம். 2003ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி சென்னையில் 45 டிகிரி வெப்பம் பதிவானது. அத்தகைய கோடையில், பாரத்துடன் பாண்டி பஜாரிலோ, அடையாறு சந்திப்பிலோ முதல் கியரும் இரண்டாவது கியருமாக ஊர்ந்து செல்லும் வண்டிக்குக் காற்றோட்டமும் குறைவு. நெடுஞ்சாலையில் 50 கிலோ மீட்டர் ஓடும் வண்டி சில தடவைதான் கியர் மாற்றும். அதே தூரத்தை நகரத்துக்குள் ஓடும் வண்டி, நூற்றுக்கணக்கான தடவை கியர் மாற்ற நேரிடும். ஒவ்வொரு தடவையும் பித்தளை வளையம் சிறிது தேய்கிறது. அந்தத் தூள் எண்ணெயில் கலக்கிறது. ஆகவே கையேட்டில் சாதாரண உபயோகம், கடின உபயோகம் என்று இரண்டு கால அளவு கொடுத்திருந்தால், நகருக்குச் சரக்கு ஏற்றும் வண்டிகள் கடின உபயோகத்துக்கான அளவையே பின்பற்ற வேண்டும். கிலோ மீட்டர் கணக்கு, மாதக் கணக்கு இரண்டில் எது முந்துகிறதோ அதுவே மாற்றும் நாள்.

மழை நீரில் நின்ற வண்டி

இன்றைய தியாகராய நகர் 1920களில், ‘லாங் டேங்க்’ என்று வெள்ளையர் அழைத்த பெரிய ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்து எழுப்பப்பட்டது. ஏரி இருந்த இடம் என்பதால் மழை நீர் அங்கே எளிதில் தேங்குகிறது. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை ஆகிய இடங்கள் மூழ்கின. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர்த் தெருக்களில் பல நாள் தண்ணீர் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் போதும் நகரின் பெரும்பகுதி நீரில் நின்றது. கனமழையில் துரைசாமி சுரங்கப்பாதை போன்ற இடங்களில் தண்ணீர் நிற்பது நகரவாசிகள் அறிந்ததே. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சரக்கு கொண்டு வரும் விவசாயிகளின் வண்டி, அச்சு மூழ்கும் தண்ணீரைக் கடக்க நேர்வது சகஜம்.

கியர் பெட்டியும் டிபரன்ஷியலும் முற்றிலும் அடைத்த பெட்டிகள் அல்ல. சூட்டில் விரியும் காற்று வெளியேற, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறு மூச்சுத் துவாரம் உண்டு. ஓடிச் சூடான பெட்டி திடீரெனக் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே உள்ள காற்று சுருங்குகிறது. சூடான சொம்பைத் தண்ணீரில் கவிழ்த்தால் நீர் உள்ளே ஏறுவதைப் போல, துவாரத்தின் வழியாகவும் தேய்ந்த ஆயில் சீல்களின் வழியாகவும் தண்ணீர் உள்ளே இழுக்கப்படுகிறது. ஐந்தே நிமிடம் நீரில் போனாலும் இது நடக்கலாம்.

தண்ணீர் கலந்த எண்ணெய் பால் விட்ட தேநீர் போல நிறம் மாறும். அதற்குப் படலமாக நிற்கும் வலு இருக்காது. பேரிங்குகளில் துரு ஏறும். எண்ணெயில் உள்ள கந்தக மருந்தோடு நீர் சேர்ந்தால் அமிலத் தன்மை உண்டாகிப் பித்தளை அரிப்பும் கூடும். வண்டி வழக்கம் போல் ஓடுவதால் யாரும் கவனிப்பதில்லை. மழைக் காலத்தில் புகுந்த நீரின் விளைவு, கோடையில் பேரிங் ஓசையாக வெளிப்படும்.

இதைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. அச்சு அளவு நீரில் சென்ற வண்டியை ஓர் இரவு அசைக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும். மறுநாள் காலை, வண்டியைக் கிளப்புவதற்கு முன், கீழே உள்ள வடிகால் திருகைச் சிறிதளவு மட்டும் தளர்த்தினால், அடியில் தங்கிய தண்ணீர் முதலில் சொட்டும். ஒரு சொட்டு நீர் வந்தாலும், எண்ணெய் வெளுத்திருந்தாலும் முழுவதையும் மாற்றி விட வேண்டும். புது எண்ணெய் ஊற்றிச் சிறிது தூரம் ஓட்டி, மீண்டும் வடித்து, இரண்டாம் முறை புது எண்ணெய் ஊற்றுவது நல்லது. மண்ணெண்ணெய் அல்லது டீசல் ஊற்றிக் கழுவுவது சிலரது வழக்கம். அதன் மிச்சம் பேரிங்கில் தங்கிப் புது எண்ணெயை நீர்த்துப் போகச் செய்யும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். மூச்சுத் துவாரத்தில் சேறு அடைத்திருந்தால் சுத்தம் செய்ய வேண்டும். துவாரம் அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடி ஆயில் சீல் வழியாக எண்ணெய் கசியும். அது கிளட்ச் தட்டை நனைத்தால் கிளட்சும் வழுக்கும்.

டிராக்டருக்கு வேறு கணக்கு

சரக்கு வண்டியின் மீதி எண்ணெயை டிராக்டரில் ஊற்றும் பழக்கமும் சில வீடுகளில் உண்டு. பல டிராக்டர்களில் கியர் பெட்டி, பின் அச்சு, கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்பு ஆகிய மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள மாதிரிகளில் பிரேக் தட்டுகளும் அதே எண்ணெயில்தான் சுழல்கின்றன. இதற்கென யு.டி.டி.ஓ. என்ற தனி வகை எண்ணெய் உண்டு. அதற்குப் பதில் ஜி.எல்.5 கியர் ஆயிலை ஊற்றினால் பிரேக் தட்டுகள் வழுக்கவோ கூச்சலிடவோ செய்யும். டிரெய்லரில் கரும்போ நெல் மூட்டையோ ஏற்றிக் கரை மேல் இறங்கும் டிராக்டரில் பிரேக் வழுக்குவது உயிருக்கே ஆபத்து.

சேற்று உழவில் சக்கரம் மூழ்க நிற்கும் டிராக்டருக்கும், வெள்ளத்தில் நிற்கும் லாரிக்கு நேரும் அதே கேடு நேரலாம். உழவுப் பருவம் முடிந்ததும் பின் அச்சு எண்ணெயின் நிறத்தைப் பார்க்க வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறையின் தலைமை அலுவலகம் சென்னை நந்தனத்தில் உள்ளது. விவசாயிகள் அவ்வளவு தூரம் வரத் தேவையில்லை. அந்தந்த மாவட்டத்தில் உள்ள துறையின் பொறியாளர்களிடம் டிராக்டர் பராமரிப்பு பற்றிக் கேட்டறியலாம்.

கடையில் என்ன கேட்பது?

அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோடு, சென்னையில் மோட்டார் உதிரி பாகங்களுக்குப் பேர் போன கடைத்தெரு. அங்கே ஆனாலும் சரி, ஊரில் உள்ள சிறு கடையானாலும் சரி, “தொண்ணூறு ஆயில் கொடுங்கள்” என்று மட்டும் கேட்கக் கூடாது. கையேட்டிலிருந்து பின்வரும் விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டு செல்ல வேண்டும்.

1. கியர் பெட்டிக்கு எந்தத் தடிப்பு, எந்த ஜி.எல். வகை, எத்தனை லிட்டர்.

2. பின் அச்சுக்கு எந்தத் தடிப்பு, எந்த ஜி.எல். வகை, எத்தனை லிட்டர்.

3. வண்டித் தயாரிப்பாளரின் ஒப்புதல் எண் ஏதேனும் கேட்கப்பட்டுள்ளதா என்பது.

டின்னின் மேல் இந்த விவரங்கள் அப்படியே இருக்கின்றனவா என்று படித்துப் பார்க்க வேண்டும். ‘ஜி.எல்.5’ என்று மட்டும் உள்ள டின்னைக் காட்டி “இதைவிட நல்லது” என்று சொன்னால் ஏற்க வேண்டாம். பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் எண்ணெயில் வகையும் தெரியாது, சுத்தமும் தெரியாது. முத்திரை உடையாத டின்னை, ரசீதுடன் வாங்க வேண்டும். வாளியும் புனலும் உலர்ந்து இருக்க வேண்டும். புது எண்ணெயில் புனல் வழியே விழும் மணலும், வெளியிலிருந்து வரும் எந்தத் தூசியைப் போலவே பேரிங்கை அறுக்கும்.

கையேடு தொலைந்து விட்டால், வண்டி நிறுவனத்தின் விற்பனை நிலையத்தில் வண்டியின் மாதிரியையும் தயாரிப்பு ஆண்டையும் சொல்லிக் கேட்டால் தெரிவிப்பார்கள். உள்ளே இருப்பது எந்த எண்ணெய் என்று தெரியாத நிலையில் மேலாகச் சிறிது ஊற்றி நிரப்புவது சரியல்ல. சிறு வண்டியின் கியர் பெட்டிக்கு ஓரிரு லிட்டர்தான் பிடிக்கும். முழுவதையும் வடித்து விட்டுப் புதிதாக ஊற்றுவதே குறைந்த செலவு.

மாற்றும் முறை

வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி எண்ணெய் வெதுவெதுப்பானதும், சமதரையில் நிறுத்தி, கைப் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

முதலில் பக்கவாட்டில் உள்ள, எண்ணெய் ஊற்றும் திருகைத் தளர்த்த வேண்டும். அது துருப்பிடித்துத் திறக்க முடியாமல் இருந்தால், கீழே எண்ணெய் முழுவதையும் வடித்து விட்ட பிறகு வண்டி அந்த இடத்திலேயே நிற்க வேண்டியதாகி விடும். அதன் பின் வடிகால் திருகைத் திறந்து எண்ணெயை முழுவதும் வடிய விட வேண்டும். திருகின் நுனியில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதைப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில் மை போன்ற பூச்சு இருப்பது இயல்பு. நகத்தில் உறுத்தும் அளவுக்கு இரும்புத் துணுக்கு இருந்தால் பற்களோ பேரிங்கோ உடைகிறது என்று பொருள். எண்ணெயில் மஞ்சளாக மினுங்கும் தூள் மிகுதியாக இருந்தால் சின்க்ரோ வளையம் தேய்கிறது. காந்தத்தில் ஒட்டாத தூள் என்பதால் வெயிலில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

வடிகால் திருகைப் புது வாஷருடன் இறுக்கி, பெரும்பாலான வண்டிகளில் ஊற்றும் துவாரத்தின் கீழ் விளிம்பு வரை எண்ணெய் ஊற்ற வேண்டும். அதற்கு மேல் அழுத்தி நிரப்பக் கூடாது. குறைந்தால் மேல் பேரிங்குகள் காயும். கூடினால் நுரைத்து, சூடேறி, சீல் வழியாகக் கசியும்.

வடித்த எண்ணெயை வரப்பிலோ, வாய்க்காலிலோ, கிணற்றடியிலோ ஊற்றக் கூடாது. பயிருக்கும் குடிநீருக்கும் கேடு. பழைய டின்னில் மூடி வைத்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் பணிமனையில் கொடுத்து விட வேண்டும்.

பழுது சொல்லும் அறிகுறிகள்

கியர் மாற்றும்போது ஓசை வந்தால் உடனே எண்ணெயைக் குறை சொல்ல வேண்டியதில்லை. முதலில் கிளட்ச் முழுவதும் விடுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். கிளட்ச் சரியாக இருந்தும் ஓசை வந்தால் எண்ணெயின் வகையும் சின்க்ரோ வளையமும் சந்தேகத்துக்கு உரியவை. வண்டி நியூட்ரலில் நிற்கும்போது இரைச்சல் கேட்டு, கிளட்ச்சை மிதித்ததும் அது அடங்கினால், கியர் பெட்டியின் முன் பேரிங்கைச் சோதிக்க வேண்டும். ஓடும்போது மட்டும் பின்புறமிருந்து ஊளை போன்ற ஒலி வந்தால் பின் அச்சின் எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். பாரத்தோடு போகும்போது கியர் தானாக விடுபட்டால் தாமதிக்காமல் பட்டறைக்குக் கொண்டு போக வேண்டும். அதை எந்த எண்ணெயும் சரி செய்யாது.

இரண்டு மூன்று பேர் கூட்டாக வைத்திருக்கும் வண்டியில், யார் எப்போது எந்த எண்ணெயை ஊற்றினார் என்பது மறந்து விடும். எண்ணெய் மாற்றிய தேதி, கிலோ மீட்டர், கியர் பெட்டிக்கு ஊற்றிய வகை, பின் அச்சுக்கு ஊற்றிய வகை ஆகிய நான்கையும் ஓட்டுநர் பக்கக் கதவின் உட்புறத்தில் வண்ணத்தால் எழுதி வைப்பது நல்லது. ஐப்பசி பிறப்பதற்குள் ஒருமுறையும், தை பிறந்து மழை ஓய்ந்ததும் ஒருமுறையும் இரு பெட்டிகளின் எண்ணெயையும் திறந்து பார்த்து விட்டால், சரக்கு நேரத்துக்குச் சந்தை சேர்வதில் தடை இராது.